கஞ்சமலை முதல் சேர்வராயன் வரை: ப்ரூஸ் ஃபூட் சுத்தியலோடு அலைந்த ஊரில் மூன்று நாள் சைக்கிள்

ஏற்காட்டுக்குச் சைக்கிளில் ஏறுகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் முதலில் வருவது நிமிடக் கணக்குதான். அடிவாரத்திலிருந்து ஏரி வரை எவ்வளவு நேரம், எந்த வளைவில் மூச்சு முட்டியது, இப்படி. நானும் சில வருடம் அப்படித்தான் ஏறி இறங்கினேன். ஒரு நாள் பாதி மலையில் செயின் கழன்றுவிட்டது. ரோட்டோரம் குந்தி மாட்டிவிட்டு, கிரீஸ் கையோடு நிமிர்ந்தால் முகத்துக்கு நேரே வெட்டுப்பாறை. நீலம் கலந்த சாம்பல் நிறம், எண்ணெய் தடவிய மாதிரி ஒரு மினுமினுப்பு. இரண்டடி தள்ளி அதே பாறை பழுப்பேறி, வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக உரிந்து கிடந்தது. இத்தனை தடவை பக்கத்திலேயே போயிருக்கிறேன், ஒரு தடவையும் கண்ணில் பட்டதில்லை.

அந்தக் கல்லைப் பற்றித் தேடப்போய்த்தான் ராபர்ட் ப்ரூஸ் ஃபூட்டிடம் வந்து சேர்ந்தேன். 1834ல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1858ல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தவர் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அதே காலத்தில் வில்லியம் கிங் என்ற சக ஊழியரோடு சேலம், திருச்சி, தஞ்சை, தென்னார்க்காடு பகுதிகளின் பாறைகளை ஆராய்ந்தார். இருவரும் சேர்ந்து எழுதிய அறிக்கை 1864ல் வெளிவந்தது. கஞ்சமலை இரும்பும் சேலத்து வெள்ளைக்கல்லும் அதில் முக்கியமான இடம் பிடித்தவை. ஓய்வுக்குப் பிறகு ஃபூட் குடியிருந்தது ஏற்காட்டில். அவருடைய அஸ்தி இருப்பதும் அங்கேதான்.

கிங்கும் ஃபூட்டும் எழுதிய கற்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டுக்கொண்டு, கடைசியில் ஃபூட் குடியிருந்த ஊரில் போய் நிற்கும்படி இந்த வழியை அமைத்திருக்கிறேன். முதல் நாள் இரும்பும் வெள்ளைக்கல்லும், இரண்டாம் நாள் மலை ஏற்றம், மூன்றாம் நாள் உச்சியும் குப்பனூர் இறக்கமும். மொத்தம் 120 கிலோமீட்டரை ஒட்டி வரும். கெட்டிக்காரர்கள் ஒரே நாளில் முடித்துவிடுவார்கள். முடிக்கலாம், ஆனால் கல்லைப் பார்க்க முடியாது.

கிளம்புவதற்கு முன்

ஆய்வுத் துறைக்காரர்கள் மழை விட்ட குளிர்மாதங்களில் கூடாரம், மாட்டுவண்டி, குதிரையோடு கிளம்புவார்கள். மழைக்காலத்தில் அலுவலகத்தில் உட்கார்ந்து அறிக்கை எழுதுவார்கள். நமக்கும் அந்தக் கணக்கே சரி. டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை போனால் நல்லது. ஏப்ரல், மே மாதங்களில் சேலம் வெயில் மண்டையைப் பிளக்கும். மேலே கோடை விழாக் கூட்டமும் சேர்ந்துகொண்டால் மலைப்பாதையில் கார்களின் புகையைத்தான் குடிக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையை இலேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து மலைப்பாதை அடைபட்டது. மழை நாளாக இருந்தால் முதல் நாளே செய்தி பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

வண்டி விஷயத்தில் கியர்தான் முக்கியம். முன்னால் 34 பல் இருந்தால் பின்னால் குறைந்தது 32 இருக்கட்டும். பின்னால் 28 பல்லோடு ஏறியவன் நான். முட்டி மூன்று நாள் பேசவில்லை. டயர் 32 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருப்பது நல்லது, குப்பனூர்ப் பக்கம் ரோடு சில இடங்களில் சொரசொரப்பு. பிரேக் கட்டையைக் கிளம்புவதற்கு முன் கழற்றிப் பாருங்கள், தேய்மானக் கோடு வரை வந்திருந்தால் புதிது போடுங்கள். இரண்டு டியூப், பஞ்சர் கிட், பம்ப், முன்னும் பின்னும் விளக்கு. வழக்கமாக யாரும் சொல்லாத ஒரு சாமானும் வேண்டும்: ஒரு சின்னக் காந்தம். பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றியது போதும். கூடவே ஒரு பிளாஸ்டிக் கவர்.

சென்னையிலிருந்து வருபவர்களுக்கு ஏற்காடு எக்ஸ்பிரஸ் இருக்கிறது. பெயர்தான் ஏற்காடு, ரயில் போவது ஈரோட்டுக்கு. விடியும் முன்பே சேலம் ஜங்ஷனில் இறக்கிவிடும். சைக்கிளைப் பார்சல் ஆபீசில் புக் செய்ய வேண்டும். பெட்ரோல் வண்டி மாதிரி டேங்க் காலி செய்யும் தொல்லை இல்லை, ஆனால் முன்கூட்டியே போய் நிற்க வேண்டும்.

முதல் நாள்: கறுப்பு மணல், வெள்ளைக்கல்

ஜங்ஷனிலிருந்து சூரமங்கலம் வழியாக இளம்பிள்ளை ரோட்டைப் பிடியுங்கள். சுமார் 12 கிலோமீட்டரில் சித்தர்கோயில். தரை மட்டம், காலுக்கு வேலையே இல்லை. மேற்கே நீளமாகப் படுத்திருக்கும் கஞ்சமலை வழி முழுக்கக் கூடவே வரும். அமாவாசையன்று போகாதீர்கள். அன்று கூட்டம் நெரியும், சைக்கிளை உருட்டக்கூட இடம் கிடைக்காது.

கோயிலில் கும்பிடுகிறவர்கள் கும்பிட்டுவிட்டு வாருங்கள். அப்புறம் மலையடி ஓடையோ ரோட்டோர வாய்க்காலோ எதையாவது தேடுங்கள். மழை வடிந்த இடத்தில் மணலின் மேல் கறுப்பாக ஒரு கோடு படிந்திருக்கும். காந்தத்தைக் கவருக்குள் போட்டு அந்தக் கறுப்பின் மேல் மெதுவாக இழுங்கள். மணல் முள்ளம்பன்றி மாதிரி சிலிர்த்துக்கொண்டு ஒட்டும். அதுதான் மேக்னடைட், காந்த இரும்புத் தாது. கவர் இல்லாமல் நேராகத் தொட்டால் அந்தத் துகள் காந்தத்தை விட்டுப் போகவே போகாது. என்னுடைய முதல் காந்தம் இன்னும் தாடியோடுதான் கிடக்கிறது. கவரோடு தொட்டு, பிறகு கவரைத் திருப்பிக் காந்தத்தை வெளியே எடுத்தால் மணல் தானாக உதிரும்.

இந்தத் தாதை உருக்கும் வேலை வெள்ளைக்காரர் வருவதற்கு வெகுகாலம் முன்பே சேலம் சீமையில் நடந்தது. மண் உலையும் துருத்தியும் கரியும்தான் கருவி. அதைப் பெரிய ஆலையாக மாற்றப் பார்த்தவர் ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனி வேலையில் இருந்தவர், 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் ஆலை போட்டார். தாது சேலத்தில், உலை கடற்கரையில். நடுவில் காவிரிப் படகு. கரிக்காகக் காடுகளை அழித்ததுதான் மிச்சம், ஆலை நிலைக்கவில்லை. கிங்கும் ஃபூட்டும் இங்கே வந்தபோது அந்தக் கதை முடிகிற கட்டத்தில் இருந்தது. அவர்கள் சேலம் வட்டாரத்து இரும்புப் பாறைகளை மலை மலையாகப் பிரித்தார்கள். கஞ்சமலை ஒரு கூட்டம், கோதுமலை ஒரு கூட்டம், தீர்த்தமலை ஒரு கூட்டம் என்று. கோதுமலையை நினைவில் வையுங்கள், மூன்றாம் நாள் வரும்.

திரும்பும் வழியில் சேலம் உருக்காலையின் சுற்றுச்சுவரைப் பார்ப்பீர்கள். இரும்பு மலையின் காலடியில் உட்கார்ந்திருக்கும் அந்த ஆலை கஞ்சமலைத் தாதைத் தொடுவதில்லை. அங்கே தயாராவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், மூலப்பொருள் வெளியிலிருந்து வருகிறது. சேலத்துக்காரர்களுக்கு இது பழகிப்போன வேடிக்கை.

மத்தியானம் ஜங்ஷன் பக்கம் வந்து சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழ்ந்ததும் ஓமலூர் ரோட்டில் மாமாங்கம் தாண்டிக் கருப்பூர் வரை ஒரு நடை. போக வர 15, 16 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள், சர்வீஸ் ரோடு போதும். வலது பக்கம் வெள்ளை வெள்ளையாகக் குவியல்கள் தெரியும். வெள்ளைக்காரர் வைத்த பெயருக்குச் சுண்ணாம்பு மலை என்று பொருள். ஆனால் அது சுண்ணாம்பு இல்லை, மேக்னசைட். ஊரில் வெள்ளைக்கல் என்பார்கள். வெள்ளக்கல்பட்டி என்று ஊர்ப் பெயரே உண்டு, மேக்னசைட் ஜங்ஷன் என்று ரயில் நிலையமும் உண்டு. கரும்பச்சைப் பாறையின் வெடிப்புகளில் வெள்ளை நரம்பு மாதிரி ஓடும் கல் இது. உடைத்த முகம் பீங்கான் போல வழவழவென்று இருக்கும். சுட்டு, உருக்காலை உலைகளுக்குள் பதிக்கும் தீச்செங்கலுக்கு அனுப்புகிறார்கள். சுரங்கத்துக்குள் நுழையக் கூடாது, காவலாளி விடமாட்டார், விடவும் கூடாது. லாரியில் இருந்து சிந்திய துண்டு ரோட்டோரம் கிடைக்கும், அதைப் பாருங்கள்.

ராத்திரி தங்கல் சேலத்தில். தட்டுவடை செட் சாப்பிடாமல் படுக்காதீர்கள். இரண்டு தட்டைக்கு நடுவில் சட்னி, துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம். ஒரு பிளேட்டோடு யாரும் எழுந்ததாக நான் பார்க்கவில்லை.

இரண்டாம் நாள்: இருபது கொண்டை ஊசி

அஞ்சரைக்குக் கிளம்புங்கள். அஸ்தம்பட்டி, கோரிமேடு, கொண்டப்பநாயக்கன்பட்டி, அடிவாரம். நகரத்திலிருந்து அடிவாரம் சுமார் 9 கிலோமீட்டர், அங்கிருந்து மேலே 20 கிலோமீட்டரை ஒட்டி வரும். சேலம் கடல் மட்டத்திலிருந்து 278 மீட்டர். மலை ஏறி முடிப்பதற்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறியிருப்பீர்கள். சராசரிச் சரிவு 5, 6 சதவீதம்தான், திடீர் செங்குத்து என்று பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் விட்டுக்கொடுக்காத ஏற்றம். கால் ஆற இறக்கம் நடுவில் வராது.

அடிவாரத்தில் டீக்கடை உண்டு. இட்லி கிடைத்தால் மூன்றுக்கு மேல் வேண்டாம், மேலே போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம். இரண்டு பாட்டிலையும் இங்கேயே நிரப்புங்கள். ஒரு தடவை மார்ச் மாதம் ஒன்பது மணிக்கு ஒரே பாட்டிலோடு ஏறினேன். ஆறாவது வளைவில் தண்ணீர் தீர்ந்தது. புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து ஸ்கூட்டரில் வந்த ஒரு அக்கா நிறுத்தி, "ஏனுங்க தம்பி, மேலுக்குச் சரியில்லீங்களா?" என்று கேட்டு அரை பாட்டில் கொடுத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் இரண்டு பாட்டில்.

வளைவுகளுக்கு எண் பலகை உண்டு. முதல் ஐந்து வளைவில் அவசரப்படுகிறவர்கள்தான் பதினைந்தில் உருட்டிக்கொண்டு போவார்கள். பேச முடிகிற மூச்சில் மிதியுங்கள். கொண்டை ஊசியில் உள்பக்கம் செங்குத்து, வெளிப்பக்கம் சமம். எதிரே வண்டி இல்லாவிட்டாலும் இடது ஓரத்தை விடாதீர்கள். ஹாரன் கேட்டால் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள். பஸ் திரும்பும்போது பின்பக்கம் ரோடு முழுவதையும் பெருக்கிக்கொண்டு போகும், அந்த நேரத்தில் உள்ளே மாட்டினால் ஒதுங்க இடம் இருக்காது. குரங்குகளுக்கு எதையும் கொடுக்காதீர்கள், ஹேண்டில் பையைத் திறந்தபடி வைக்காதீர்கள். வாழைப்பழத்தை அவை மூக்கால் கண்டுபிடிக்கும்.

ஓய்வெடுக்கும் இடங்களைப் பாறை வெட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஈரம் கசியும் பாறைக்கு நேர் கீழே மட்டும் வேண்டாம். நான் செயின் மாட்டிய இடத்தில் பார்த்த கல்லுக்குப் பெயர் சார்னோகைட். சேர்வராயன் மலைத்தொடரின் உடம்பே அதுதான். கிங்கும் ஃபூட்டும் எழுதிய காலத்தில் இந்தப் பெயர் கிடையாது. 1890களில் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் வைத்த பெயர் அது, கல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக் என்ற பழைய கம்பெனி அதிகாரியின் கல்லறைக் கல்லை வைத்து. அந்த வகைக் கல்லை ஹாலண்ட் ஆராய்ந்தது பரங்கிமலை, பல்லாவரம் பகுதியில். ஃபூட்டுக்குக் கைக்கோடரி கிடைத்த அதே பல்லாவரம். கையில் எடுத்தால் கனமாக இருக்கும். புதிதாக உடைந்த முகத்தில்தான் அந்த நீலச் சாம்பல் மினுமினுப்பு, காற்றும் மழையும் பட்டது பழுப்பு. ஒரே கல்லின் உள்ளும் புறமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இந்த மலைப்பாதையை விட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

பன்னிரண்டாவது வளைவு தாண்டினால் காற்று மாறும். சில்வர் ஓக் மரங்களும் அதில் சுற்றிய மிளகுக் கொடியும் கீழே காப்பிச் செடியும் வர ஆரம்பிக்கும். காப்பியை இங்கே கொண்டுவந்தவர் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது என் நெடுநாள் எரிச்சல். ஏற்காட்டை 1842ல் சர் தாமஸ் மன்றோ கண்டுபிடித்தார் என்று சுற்றுலாக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். மன்றோ 1827லேயே காலரா கண்டு இறந்துவிட்டார். 1792ல் திப்புவிடமிருந்து கம்பெனி கைக்கு வந்த பாராமகாலில், அதாவது இந்தச் சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில், அவர் ஏழு வருடம் வரி வேலை பார்த்தது உண்மை. ஆனால் செத்துப் பதினைந்து வருடம் கழித்து மலை ஏறியிருக்க முடியாது. தவிர, மலையில் மலையாளி என்ற பழங்குடி மக்கள் (கேரளத்து மலையாளிகள் இல்லை) தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தார்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு மலைக்குப் போனதாகவும், பெரியண்ணன் வந்தது சேர்வராயனுக்கு என்றும் அவர்கள் சொல்வார்கள். அவர்கள் குடியிருக்கும் மலையை யார் வந்து கண்டுபிடிப்பது?

சாதாரணக் காலுக்கு அடிவாரத்திலிருந்து மேலே வர இரண்டரை முதல் மூன்றரை மணி நேரம். ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டு, அறையில் பையைப் போட்டுவிட்டு, சாயங்காலம் ஹோலி டிரினிட்டி தேவாலயத்துக்குப் போங்கள். ஞாயிறு காலை ஆராதனை நேரத்தைத் தவிர்த்து, ஆள் இருந்தால் கேட்டுவிட்டு உள்ளே நுழையுங்கள். ஃபூட் 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் இறந்தார். அங்கே எரியூட்டி அஸ்தியை இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல் 1882ல் இறந்ததும் ஏற்காட்டில்தான். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரோடு சேர்ந்து பைபிளைத் தமிழாக்கியவர், தமிழ்ப் பழமொழிகளைத் தேடித் தொகுத்தவர். மாமனார் பழமொழி பொறுக்கினார், மருமகன் கல் பொறுக்கினார்.

வெளிச்சம் மிச்சமிருந்தால் லேடீஸ் சீட். கீழே நீங்கள் ஏறி வந்த பாதை முறுக்குப் பிழிந்த மாதிரி கிடக்கும். பனி இல்லாத நாளில் சேலத்துக்குப் பக்கத்தில் வெளுத்த திட்டாகத் தெரிவது நேற்றுப் பார்த்த வெள்ளைக்கல்.

மூன்றாம் நாள்: உச்சி, அப்புறம் குப்பனூர்

காலையில் பையில்லாமல் சேர்வராயன் கோயில். ஊரிலிருந்து 5, 6 கிலோமீட்டர், கடைசிப் பகுதி ஏற்றம். கோயில் ஒரு குகை, குனிந்துதான் போக வேண்டும். உள்ளே சேர்வராயனும் காவேரி அம்மனும். 1,600 மீட்டரைத் தாண்டிய உயரம், மேலே மரமில்லாத வெட்டவெளி, காற்று சைக்கிளைத் தள்ளிவிடும்.

இங்கே கால்களுக்குக் கீழே பாருங்கள். மண் செங்கல் நிறம், அதில் புள்ளி விழுந்த, ஓட்டை ஓட்டையான இலேசான கட்டிகள். பாக்சைட், அதாவது அலுமினியத் தாது. நேற்று வளைவுகளில் பார்த்த அதே சார்னோகைட்தான் இது. பல லட்சம் வருடம் மழை அடித்து மற்றதையெல்லாம் கரைத்துக்கொண்டு போனபின் அலுமினியமும் இரும்பும் மட்டும் மிஞ்சியிருக்கிறது. தண்ணீர் தேங்காமல் வடியும் உச்சிச் சமவெளியில்தான் இப்படி நடக்கும், அதனால்தான் வழியில் பார்க்க முடியவில்லை. இங்கே வெட்டிய பாக்சைட் மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போனது. கையில் ஒரு பாக்சைட் கட்டியும் இன்னொரு கையில் சார்னோகைட் துண்டும் வைத்துப் பாருங்கள், கனத்தில் உள்ள வித்தியாசமே கதையைச் சொல்லிவிடும்.

மலைக்கிராமங்களில் பிள்ளையார் கோயிலைக் கண்டால் ஒரு நிமிடம் நில்லுங்கள். வழவழவென்று தீட்டிய, கூர் முனையுள்ள கல் ஆயுதங்களைச் சாமிக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்துக் கும்பிடும் வழக்கம் இந்த மலையில் உண்டு. புதிய கற்காலத்துக் கோடரிகள் அவை, உழும்போதும் தோண்டும்போதும் கிடைத்தவை. ஃபூட் தமது சேகரிப்பை 1904ல் சென்னை அருங்காட்சியகத்துக்கு விற்றார். கிராமத்தார் தங்களுக்குக் கிடைத்ததைக் கோயிலில் வைத்தார்கள். தொடாதீர்கள், செருப்பைக் கழற்றுங்கள், படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள்.

பத்து மணிக்குள் இறக்கத்தைத் தொடங்குங்கள். வந்த வழியே போகாமல் கொட்டச்சேடு வழியாகக் குப்பனூர். சேலம் வரை 40 கிலோமீட்டரை ஒட்டி. போக்குவரத்து குறைவு, கடையும் குறைவு, நிழல் ஏராளம். மெயின் ரோடு மூடினால் மட்டும் எல்லா வண்டியும் இந்தப் பக்கம் திரும்பிவிடும். தோட்டங்களில் காட்டெருமை நடமாட்டம் உண்டு. வளைவில் ஒன்று நின்றால் இறங்கி, தள்ளி நின்று, அது போகும் வரை காத்திருங்கள். மணி அடிக்காதீர்கள், கூட்டமாக இருந்தாலும் நடுவில் புகாதீர்கள்.

ரிம் பிரேக்காக இருந்தால் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்காதீர்கள். சூட்டில் டியூப் வெடிக்கும். விட்டு விட்டு அழுத்துங்கள், வளைவுக்கு முன் வேகத்தைக் குறைத்து வளைவுக்குள் பிரேக்கை விடுங்கள், ஐந்தாறு வளைவுக்கு ஒரு முறை நின்று ரிம் ஆறட்டும். டிஸ்க் இருந்தாலும் தட்டை விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள். நான் தொட்டேன், ஆள்காட்டி விரலில் ஒரு வாரம் கோடு இருந்தது. காப்பிக் காய் உதிர்ந்த, இலை நனைந்த இடங்களில் சாயாமல் நேராக உருளுங்கள்.

குப்பனூரில் தரையைத் தொட்டதும் சூடு முகத்தில் அறையும். அயோத்தியாப்பட்டணம் வந்ததும் கோதண்டராமர் கோயில் தூண்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு டீ குடியுங்கள். கிழக்கே எழும்பி நிற்பதுதான் கோதுமலை, அந்த இரண்டாவது இரும்புக் கூட்டம். கடைசியாகப் போனபோது டீக்கடைக்காரர் என் ஹேண்டிலில் தொங்கிய காந்தத்தைப் பார்த்து என்னவென்று கேட்டார். சொன்னேன். கடை வாசலில் தண்ணீர் தெளித்துக் காய்ந்த மண்ணில் தானே இழுத்துப் பார்த்தார். கறுப்பாக நாலு மயிர் நின்றது. "அட, நம்ம வாசல்லயேங்களா?" என்று உள்ளே இருந்த பையனைக் கூப்பிட்டார். அவனுக்கு அந்தக் காந்தத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன், பார்சல் ஆபீசுக்கு நேரமாகியிருந்தது.